வாயைத் திறந்து காட்டுங்கள்: நெய்யூர் நமக்குச் சொன்ன பாடம்



வழக்கம்போல நம் குமரி மாவட்ட வரலாற்றில் ஒரு பக்கத்தைத்தான் இன்றும் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்தத் தடவை வரலாறு என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதனால் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். 30 வயது தாண்டிய ஆண்கள் யாரும் பாதியில் விட்டுவிட வேண்டாம். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்ல. ஆசிரியர் பயிற்சி முடித்து, 30 ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். எனக்குத் தெரிந்தது படிப்பதும், படித்ததைச் சொல்லிக் கொடுப்பதும்தான்.

என் பெரியண்ணன் இறந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. "தொண்டையில் புண் வந்து இறந்தார்" என்றுதான் அன்று சொந்தக்காரர்களிடம் சொன்னோம். அது உண்மை அல்ல. அண்ணனுக்கு வந்தது வாய்ப் புற்றுநோய். வீட்டில் கல்யாணத்துக்கு நின்ற பிள்ளைகள் இருந்தார்கள், ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருந்தது, மறைத்துவிட்டோம். போன மாதம் மதினியிடம் போய், "இதை எழுதலாமா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுங்க தம்பி. நாலு பேருக்காவது உபயோகப்படட்டும்" என்றார்கள். அந்த அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அண்ணன் தேங்காய் வியாபாரம் செய்தவர். வெற்றிலைச் செல்லம் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. இடது கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே கணக்கு எழுதுவார்.

எங்கள் வீட்டில் சாளைப் புளிமுளத்தில் காரம் குறைந்தால் முதலில் சத்தம் போடுகிறவர் அவர்தான். அவரே ஒரு நாள், "காரம் எரியுது, கொஞ்சம் குறை" என்று மதினியிடம் சொன்னார். மதினி வத்தல் மிளகாயைக் குறைத்தார்கள். சில மாதம் கழித்து இன்னும் குறைத்தார்கள். வயதாகிவிட்டது, வயிறு கேட்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். பிறகு பழையபடி வாயை அகலத் திறந்து சிரிப்பதும் குறைந்தது. நான் ஒரு தடவை கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடே, பல்லு குத்துது" என்றார். உண்மையில் கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் இருந்தது. அதை அவர் யாரிடமும் காட்டவில்லை. வலி பெரிதாக இல்லை என்பதால் பெரிய நோய் இல்லை என்று நினைத்துவிட்டார். ஏழெட்டு மாதம் கழித்துத் தாடைக்குக் கீழே கட்டி தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றபோது, "கத்தி பட்டா பரவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மேலும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

இதில் என் மனது பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. அண்ணனுக்கு வந்த இந்த நோயைப் பற்றி உலகத்துக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்ன இடங்களில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அதுதான் நெய்யூர். இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

வெற்றிலையும் பாக்கும் நம் நாட்டில் மிகப் பழைய பழக்கம். தாம்பூலம் இல்லாமல் நிச்சயதார்த்தம் உண்டா? ஆனால் அதில் சேர்ந்துகொண்ட புகையிலை நம்முடையது அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் வழியாக இங்கே வந்தது. 1600ஆம் ஆண்டை ஒட்டித் தக்காணத்தில் பரவியிருந்தது. பீஜப்பூரிலிருந்து திரும்பிய தூதர் ஆசாத் பேக் அதை அக்பரின் அரசவைக்குக் கொண்டு போனார். 1617இல் ஜஹாங்கீர் புகையிலையைத் தடை செய்தார். தடை ஏட்டில் இருந்தது, புகையிலை நாட்டில் இருந்தது. தெற்கே அது நம் வெற்றிலைக்குள் நுழைந்துகொண்டது.

இப்போது நெய்யூர். அன்று அது தென் திருவிதாங்கூர். (நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!) 1838இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து பெரிய ஆஸ்பத்திரி ஆனது. சுற்றுவட்டாரத்து மக்கள் எல்லாம் அங்கே போனார்கள். அங்கிருந்த வெள்ளைக்கார மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தங்கள் நாட்டில் மிகக் குறைவாகப் பார்த்த ஒரு நோய் இங்கே கூட்டங்கூட்டமாக வருகிறது. கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் வரும் புற்றுநோய்.

1902இல் சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்ற அறுவை மருத்துவர் வெற்றிலை மெல்லுவதற்கும் கன்னப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். 1908இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஃபெல்ஸ் எழுதியது, தென்னிந்தியாவின் வாய்ப் புற்றுநோய் பற்றி, 209 அறுவைச் சிகிச்சைகளின் கணக்கோடு. மற்றொன்று பென்டால் எழுதியது, திருவிதாங்கூரில் பார்த்த 1,700 புற்றுநோயாளிகள் பற்றி. இரண்டு பேரும் நெய்யூர் மருத்துவர்கள். 1908 என்றால் என் தாத்தா காலம். அப்போதே நம் மண்ணின் நோய் லண்டனில் அச்சாகிவிட்டது.

அடுத்து வந்தவர் ஹோவர்ட் சாமர்வெல். இவருடைய கதையைக் கேட்டால் பிள்ளைகள் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பார்கள். 1922இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறப்போன ஆங்கிலேயக் குழுவில் ஒருவர். சிகரத்தைத் தொட முடியாமல் திரும்பியவர், ஊருக்குப் போகும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். நெய்யூருக்கு வந்தார். வாசலில் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தையும், அவர்களுக்கு மத்தியில் தனியாகத் திணறிக்கொண்டிருந்த ஓர் அறுவை மருத்துவரையும் கண்டார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறினார். இறங்கும்போது, கடுங்குளிரில் புண்பட்ட தொண்டைச் சதை பிய்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டது. தன் நெஞ்சைத் தானே இரண்டு கையாலும் அழுத்தி அதை வெளியே துப்பி உயிர் பிழைத்தார். அப்படிப் பிழைத்து வந்தவர்தான் பிறகு இருபது ஆண்டுக்குமேல் நெய்யூரில் நம் ஆட்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் வைத்தும் சிகிச்சை கொடுத்த ஆஸ்பத்திரி அது.

1933இல் நெய்யூரின் இன்னொரு மருத்துவரான ஓர் என்பவர் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோய், அதன் காரணம், தன்மை, சிகிச்சை என்று முழுக்க முழுக்க அதைப் பற்றியே எழுதியது. நம் புகையிலையையும் பாக்கையும் பற்றி உலகத்தின் பெரிய மருத்துவ இதழில் ஒருவர் எழுதி 80 ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, பக்கத்து ஊரில் என் அண்ணன் அதே புகையிலையை அதே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லடே" என்றார்.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பவர்கள் இந்த இடத்தில் நிம்மதியாகப் பெருமூச்சு விட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் தரும் என்றும், பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. புகைபிடிப்பதும் குடிப்பதும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

இதுவரை சொன்னது காரணம் கண்டுபிடித்த வரலாறு. இனிச் சொல்லப்போவது முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வரலாறு. எனக்கு இதுதான் முக்கியம்.

வயிற்றுக்குள்ளோ நுரையீரலிலோ வரும் புற்றுநோய் கண்ணுக்குத் தெரியாது. வாயில் வருவது தெரியும். அது மட்டுமல்ல, பெரும்பாலும் அது திடீரென்று வருவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ தலைகாட்டும். அப்படியானால் எக்ஸ்ரே வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரு டார்ச் விளக்கும் பழகிய கண்ணும் போதாதா?

இலங்கையில் இதைச் செய்து பார்த்தார்கள். கிராம சுகாதார ஊழியர்கள் 34 பேருக்குப் பயிற்சி கொடுத்து, ஓர் ஆண்டில் 28,000க்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்கச் செய்தார்கள். 1984இல் வெளியான அந்த ஆய்வு, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்களால் இந்தத் திட்டுகளை அடையாளம் காண முடியும் என்று காட்டியது.

பிறகு நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் நடத்தியது. 13 பஞ்சாயத்துகள், 35 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 1,90,000 பேர். 7 பஞ்சாயத்துகளில் வாய்ப் பரிசோதனை, 6 பஞ்சாயத்துகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பரிசோதனை செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற பட்டதாரிகள். மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்று என்று வீடு வீடாகப் போனார்கள்.

முடிவு 2005இல் லான்செட் இதழில் வந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைவு. கணக்கு வாத்தியார் பாஷையில் சொன்னால், 100 பேர் சாக வேண்டிய இடத்தில் 66 பேர். பழக்கம் எதுவும் இல்லாதவர்களிடம் அப்படிக் குறைவு தெரியவில்லை. ஆகவே யார் கட்டாயம் வாயைக் காட்ட வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. 15 ஆண்டுத் தொடர்ச்சியை 2013இல் வெளியிட்டார்கள். பழக்கம் உள்ளவர்களில் நான்கு சுற்றுக்கும் தவறாமல் வந்தவர்களிடம் மரணம் 81 சதவீதம் குறைந்திருந்தது. தவறாமல் வருகிறவர் பொதுவாகவே உடம்பில் அக்கறை உள்ளவராக இருப்பார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தாலும் இது சின்ன எண் அல்ல.

அந்த ஆய்வில் என்னைத் தூங்கவிடாத எண் வேறொன்று. பரிசோதனையில் வாயில் சந்தேகப்படும்படி ஏதோ இருந்து, "மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்கள் 5,145 பேர். போனவர்கள் 3,218 பேர். மீதி 1,927 பேர் போகவில்லை. வீடு தேடி வந்து சொல்லியும் போகவில்லை. இலங்கையிலும் ஏறக்குறைய இதே கதைதான். அனுப்பியவர்களில் பாதிப் பேர் அளவில்தான் போனார்கள். இந்த நோயைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, மக்களே. கண்டுபிடித்த பிறகு நம் ஆட்களை நாலு எட்டு நடக்க வைப்பதுதான் கஷ்டம்.

அந்த 1,927 பேரை நான் குறை சொல்ல முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணன் போன பிறகு நான் புகையிலையைத் தொட்டதில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு சீவல் போடும் பழக்கம் விடவில்லை. ஆசிரியர் அறையில் தொடங்கிய பழக்கம் அது. போன ஆண்டு கடைசியில், பேத்திக்குக் காய்ச்சல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். நர்ஸ் அம்மா என்னையும் கூப்பிட்டார்கள். "சார், நல்லா ஆவென்று திறங்க." டார்ச் அடித்து, கையுறை போட்ட விரலால் கன்னத்தை விலக்கி, நாக்கைத் தூக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. வலது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு இருப்பதாகச் சொல்லி, பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தச் சீட்டை நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு புத்தகத்துக்குள் வைத்து அலமாரியில் போட்டுவிட்டேன். 19 நாட்கள். வீட்டில் சொல்லவில்லை. அண்ணனுக்காக அழுதவன், நெய்யூர் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தவன், நானே அந்த 1,927 பேரில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். பயம்தான் காரணம். தெரிந்துகொள்ளாவிட்டால் நோய் இல்லை என்று நினைக்கிற பயம். 20ஆம் நாள் என் மனைவி தூசி தட்டும்போது சீட்டைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் திட்டவில்லை. "பெரிய மச்சான் மாதிரியா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனோம்.

சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள், எறும்புக்கடி அளவுதான் வலி. முடிவு வர ஒரு வாரம். புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டால் அப்படி மாறக்கூடிய திட்டு என்றார்கள். சீவலை அன்றே நிறுத்தினேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காட்டுவேன்.

சதை எடுத்துப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்பது பொய். அந்தப் பொய்யைக் கேட்டு என் அண்ணன் இரண்டு மாதத்தை இழந்தார். நீங்கள் கேட்காதீர்கள்.

இனி பாடத்தின் சுருக்கம். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. வாயில் மூன்று வாரத்துக்குள் ஆறாத புண். வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் வலி இருக்காது என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சி.
2. தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. சிவப்புத் திட்டு இன்னும் ஆபத்து.
3. முன்பு சாப்பிட்ட அதே காரம் இப்போது எரிவது.
4. வாயைத் திறப்பது குறைவது. உங்கள் மூன்று விரல்களை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் காட்டுங்கள்.
5. காரணமில்லாமல் ஆடும் பல், பல் எடுத்த இடம் ஆறாமல் இருப்பது, நாக்கு மரத்துப்போவது.
6. கழுத்தில் கட்டி, மூன்று வாரத்துக்கு மேல் நீளும் குரல் கம்மல், விழுங்குவதில் சிரமம்.

மாதம் ஒரு நாள் கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். உதட்டின் உட்புறம், இரண்டு கன்னம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள பள்ளம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்கின் அடி, மேலண்ணம். பல் செட் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நாமே பார்ப்பது போதாது, பழகிய கண் ஒன்றும் பார்க்க வேண்டும். 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 30 வயது முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தத் திட்டத்தில் பார்க்கப்படும் புற்றுநோய்கள் மூன்று: வாய், மார்பகம், கருப்பைவாய். ஆண்களுக்கு அதில் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுக்கும் நாம் போவதில்லை!

வாய் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம், விதைப்பையில் வலியில்லாத கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது, வயதான காலத்தில் சிறுநீர் கழிப்பதில் புதிதாக வரும் சிரமம், இவை எல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. எல்லாமே புற்றுநோயாக இருக்காது. பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், நாம் அல்ல. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

வீட்டிலுள்ள பெண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு ஆண் திடீரென்று காரத்தைக் குறைக்கச் சொன்னால், குழம்பில் மிளகாயைக் குறைப்பதற்கு முன்னால் அவர் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மதினி இதை எழுதச் சொன்னார்கள். எத்தனையோ இரவு அதை நினைத்து அழுததாகவும் சொன்னார்கள். தப்பு அவர்களுடையது அல்ல. எங்கள் யாருக்குமே தெரியவில்லை.

வகுப்பில் என்னிடம் படித்த காலத்தில், கேள்வி கேட்டால் வாயைத் திறக்கவே மாட்டீர்கள். அன்று அடித்தும் அதட்டியும் திறக்க வைத்தேன், அதற்காக இன்று வருந்துகிறேன். இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மாதத்துக்குள் ஒரு தடவை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பல் மருத்துவரிடமோ போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு, "சார், காட்டிட்டேன்" என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுத்து வைத்துக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்